ஈரக் கழிவு

கொழுந்தை யாரும் எண்ணுவதில்லை.
எண்ண முடியாததை நிறுத்துவிடுவது
இந்த மலையில் எப்போதும் உள்ள வழக்கம்.
பதினோராம் வகுப்பில்
மோல் என்றால் என்னவென்று எனக்குப் புரியவைக்க முடியாமல்
அருளப்பன் சார் சாக்பீஸை உடைத்தார்.
கோத்தகிரி ரோட்டில் இந்தக் கொட்டகைக்கு
ஒரு சாயங்காலம் கூட்டி வந்திருக்கலாம்.

நாலரைக்குப் படங்கு கட்டிய இடுப்புகள் வரிசையில் நிற்கும்.
கொக்கியில் மூட்டை ஏறும். முள் ஆடி நிற்கும்.
நான் சொல்வேன்:
பதினெட்டு. கழிவு ரெண்டு. பதினாறு.
இலையோடு ஒட்டி வரும் மழைக்கு அந்த ரெண்டு.
மழை இல்லாத நாளில்
வழக்கத்துக்கு ரெண்டு.

ஏட்டில் அறுபத்து மூன்றாம் நம்பர், சந்தனமேரி.
பிளஸ் டூ பிரைவேட்டாக எழுதுகிறாள்.
மாசி மாதம். முப்பது நாளாக ஒரு தூறல் இல்லை,
ரோட்டுப் புழுதி இலைமேல் உட்கார்ந்திருக்கிறது.
மூட்டையோடு ஒரு சீட்டையும் நீட்டினாள்,
பழைய கூலிச் சீட்டின் முதுகில் பென்சில் எழுத்து:

"ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் பதினாறு,
தண்ணீர் ஒரு மோல் பதினெட்டு கிராம்.
இரண்டு கிலோவுக்கு நூற்றுப் பதினொன்று புள்ளி ஒன்று ஒன்று மோல்.
அவகாட்ரோ எண்ணால் பெருக்க,
ஆறு புள்ளி ஆறு ஒன்பது, பத்தின் இருபத்தைந்தாம் அடுக்கு.
இத்தனை மூலக்கூறு என் மூட்டையில் இருந்ததாக
எழுதியிருக்கிறீர்கள்.
ஒன்றையாவது காட்டவும்."

என்ன இது என்றேன்.
"மோல் கணக்கு. பரீட்சையில் அஞ்சு மார்க்."
பின்னால் நின்ற பொன்னுக்கிளி எட்டிப் பார்த்து,
"எவ்வளவு போச்சாம்?"
"ஆறு போட்டு, பக்கத்துல இருபத்தஞ்சு இலக்கம்."
"ஆத்தாடி! இத்தனை வருசத்துக்குமா?"
"இல்லக்கா. இன்னிக்கு மட்டும்."
வரிசை முழுக்கச் சிரித்தது.
நான் ஏட்டில் பதினாறு என்று எழுதினேன்.

ராத்திரி ஸ்டவ்வில் தண்ணீர் வைத்தேன்.
இந்த உயரத்தில் அது தொண்ணூற்று நான்கிலேயே கொதித்துவிடும்.
பரீட்சையில் நூறு என்று எழுதினால்தான் மார்க்.
மலையும் தன் பங்குக்கு ஆறு டிகிரி கழித்துக்கொள்கிறது,
ஆனால் தெர்மாமீட்டரில் காட்டிவிட்டு.

மறுநாள் நானும் ஒரு சீட்டு கொடுத்தேன்:
"இலைக்குள்ளேயே முக்கால் பங்கு தண்ணீர்தானே?"
பதில் அங்கேயே, மூட்டைமேல் வைத்து எழுதி வந்தது:
"அது செடியோட தண்ணீர்.
அதுக்கும் சேர்த்துத்தான் பாக்டரி விலை வைக்கிறது."

அதுவும் எனக்குத் தெரியும்.
லாரி ஏறும் கொழுந்தை பாக்டரி வாசலில் மறுபடி நிறுப்பார்கள்.
என் ஏட்டில் செத்த ரெண்டு கிலோ
அங்கே உயிரோடு எழுந்து உட்காரும்,
அறுபத்து மூன்று பேருடையதும்,
யார் பெயரிலும் இல்லாமல்.
நிறை அழியாது, இடம் மாறும் என்று
அருளப்பன் சார் சொன்னபோது
ஜன்னல் வழியே பஸ்ஸை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் மூட்டைக்குள் கையை விட்டேன்.
ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தேன்.
உள்ளங்கையில் பச்சைக் கறை, புழுதி.
ஒரு சொட்டு இல்லை.
கொழுந்துக்கு எந்த அட்டவணையிலும் மோலார் நிறை கிடையாது,
இருந்தால் அதில் கழித்திருப்பேன்.

"பதினெட்டரை," என்றேன்.
முள் நின்றுவிட்டது. யாரும் பேசவில்லை.
மேனேஜர் ஜீப் வளைவில் ஹாரன் அடித்தது.
"கழிவு," என்றேன். பிறகு, "அரை."

அந்த அரைக் கிலோவையும் மோலாக்கி,
தண்ணீர் என்றே வைத்துக்கொண்டு,
அவள் சீட்டின் மூலையில் எழுதிக் கொடுத்தேன்,
ஒன்பது வருடம் கழித்து நானாகப் போட்ட முதல் கணக்கு:
இருபத்தேழு புள்ளி ஏழு ஏழு.

சந்தனமேரி வாங்கிப் பார்த்தாள்.
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
கடைசி ஏழை எட்டாகத் திருத்திவிட்டு
படங்கை உதறிக்கொண்டு போனாள்.